பம்ப் கப்ளிங் புஷ்ஷுக்கு எந்த ஆக்சிலரேட்டர்?

மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கில், பின்னைச் சுற்றி ஒரு ரப்பர் புஷ் உட்கார்ந்திருக்கும். பார்க்கச் சின்னப் பொருள். மோட்டார் ஓடும் ஒவ்வொரு நொடியும் அடி வாங்குவது அதுதான். பம்புத் தொழில் இருக்கும் கோயம்புத்தூர் பக்கம் இதைச் செய்கிற சிறிய மோல்டிங் யூனிட்டுகள் உண்டு. ஒரு மிக்சிங் மில், இரண்டு ஹைட்ராலிக் பிரஸ், நாலைந்து ஆட்கள். அப்படி ஒரு யூனிட்டில் கம்பவுண்ட் ரெசிபி பார்ப்பது என் வேலை. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "அண்ணா, ஆக்சிலரேட்டர் எது போடறது?" என்பதைத்தான். ரப்பர் வேகும் வேகத்தைக் கூட்டும் ரசாயனம் அது.

கேட்கும்போதே அவர்கள் மனதில் இரண்டு கணக்கு ஓடும். கிலோ என்ன விலை, பிரஸ்ஸில் எத்தனை நிமிஷம். இரண்டும் தேவையான கணக்குதான். நான் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்வேன். காலையில் கலந்த கம்பவுண்ட், அதாவது ரசாயனங்கள் சேர்த்த வேகாத ரப்பர், மாலை வரை கெடாமல் இருக்குமா? மில்லுக்கு முன்னால் நிற்கிறவர் நாள் முழுக்க எதை மூச்சில் இழுக்கிறார்? நான்கையும் சேர்த்துப் பார்த்தால் விடை மாறிவிடுகிறது. எங்கள் பக்கம் புழக்கத்தில் இருக்கும் நான்கு வழிகளை அப்படித்தான் இங்கே ஒப்பிடப்போகிறேன்.

முதலில், ஆக்சிலரேட்டர் எதற்கு? 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாது, குளிரில் விறைக்காது என்று கண்டார். கந்தகத்தை மட்டும் நம்பினால் வேலை மிக மெதுவாக நடக்கும். 100 பங்கு ரப்பருக்கு 8 பங்கு கந்தகம் போட்டு 140 டிகிரி சூட்டில் ஐந்து மணி நேரம் வைக்க வேண்டும். ஜிங்க் ஆக்சைடு 5 பங்கு சேர்த்தால் அது மூன்று மணி நேரமாகக் குறையும். இன்று அதே வேலையைச் சில நிமிஷங்களில் முடிக்கிறோம் என்றால், அரைப் பங்கு, ஒரு பங்கு என்று நாம் போடும் ஆக்சிலரேட்டர்தான் காரணம்.

அந்த வழியைத் திறந்தவர் ஜார்ஜ் ஓன்ஸ்லேகர். 1906-ல், ஓஹியோ மாநிலத்து ஆக்ரன் நகரில் டயமண்ட் ரப்பர் கம்பெனியில் வேலை பார்த்தார். அமேசான் காட்டிலிருந்து வந்த பாரா ரப்பர் அப்போது நல்ல விலை. மற்ற காட்டு ரப்பர்கள் மலிவு, ஆனால் மெதுவாக வெந்தன, தரமும் குறைவு. மலிவானதை நல்லதற்கு இணையாக்க முடியுமா என்று தேடிய ஓன்ஸ்லேகர், அனிலின் சேர்த்தால் ரப்பர் சீக்கிரம் வேகும் என்று கண்டார். வேகம் கிடைத்தது. ஆனால் அனிலின் தோல் வழியாகவே உடலுக்குள் போகும் விஷம். அதனால் தயோகார்பனிலைடு என்ற, விஷம் குறைந்த பொருளுக்கு மாறினார்கள். ரப்பர் ரசாயனங்களின் வரலாறு முதல் நாளிலிருந்தே இப்படித்தான் நடந்திருக்கிறது. ஒரு பொருள் வேலையைச் சுலபமாக்கும். கொஞ்ச நாளில் அதன் கெடுதல் தெரியும். அப்புறம் மாற்று வரும். கீழே சொல்லும் நான்கு வழிகளும் அந்த நடையில் வெவ்வேறு காலத்துப் படிகள்.

ஒப்பீட்டுக்கு அடிப்படையாக ஒரு ரெசிபி வைத்துக்கொள்வோம். ஆர்.எஸ்.எஸ் 4 என்ற தர இயற்கை ரப்பர் ஷீட் 100 கிலோ, ஜிங்க் ஆக்சைடு 5, ஸ்டியரிக் ஆசிட் 2, கார்பன் பிளாக் 45, பிராசஸ் ஆயில் 5, ஆன்டி ஆக்சிடன்ட் 2. இதற்கு மேல் போடும் கந்தகமும் ஆக்சிலரேட்டரும்தான் நம் கேள்வி.

பழைய வழி: எம்.பி.டி.எஸ் + டி.பி.ஜி

எம்.பி.டி என்ற ஆக்சிலரேட்டர் 1921 வாக்கில் வந்தது. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கண்டுபிடித்தார்கள். இரண்டு எம்.பி.டி கைகோத்தால் எம்.பி.டி.எஸ். அதற்குத் தள்ளு கொடுப்பது டி.பி.ஜி என்ற துணை ஆக்சிலரேட்டர். கந்தகம் 2.5, எம்.பி.டி.எஸ் 1, டி.பி.ஜி 0.3 என்று பழைய ரெசிபி நோட்டுகளில் எழுதியிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

விலை மலிவு, எங்கும் கிடைக்கும், கெட்டுப்போகாமல் கோடவுனில் நிறைய நாள் இருக்கும். மெல்லிய பொருட்களுக்கு இந்த ஜோடி மோசமில்லை. புஷ் மாதிரித் தடிமனான பொருளில்தான் சிக்கல். மோல்டு நிரம்பி முடிவதற்குள் ஓரங்கள் பிடிக்க, அதாவது வெந்து இறுக, ஆரம்பித்துவிடும். வெந்தபிறகு கிடைக்கும் இறுக்கமும் நான் கீழே சொல்லும் மற்ற வழிகளுக்கு ஈடாகாது. எனக்கு இதில் பெரிய உறுத்தல் டி.பி.ஜி. சூட்டில் அது உடையும்போது அனிலினை விடுகிறது. ஓன்ஸ்லேகர் காலத்திலேயே வேண்டாம் என்று தள்ளிய அதே அனிலின். பிரஸ்ஸைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் புகையில் அதுவும் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர் இந்த வழிக்குப் போகக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வேகமான வழி: சி.பி.எஸ் + டி.எம்.டி.டி

சின்ன யூனிட்டுகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். கந்தகம் 2, சி.பி.எஸ் 0.8, டி.எம்.டி.டி 0.2. சி.பி.எஸ் பற்றி அடுத்த பகுதியில் சொல்கிறேன். இங்கே பேச வேண்டியது டி.எம்.டி.டி பற்றி.

இதன் ஆற்றலை யாரும் மறுக்க முடியாது. நூறு கிலோ ரப்பரில் இருநூறு கிராம் போட்டால் போதும், பிரஸ் நேரம் கண் முன்னால் குறையும். தன் எடையில் சுமார் 13 சதவீதம் கந்தகத்தைத் தானே கொடுக்கும். விலையும் குறைவு. ஒரு ஷிப்டில் இத்தனை பீஸ் என்று கணக்குப் போடுகிற முதலாளிக்கு இதைவிடப் பிடித்த பொருள் கிடைக்காது. அந்தக் கணக்கு எனக்கும் புரிகிறது. கரண்டுக்கும் வாடகைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

ஆனால் வேகம் பிரஸ்ஸில் மட்டும் நிற்பதில்லை. ரப்பர் வேகும் வேகம், சூடு பத்து டிகிரி கூடினால் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 150 டிகிரியில் பத்து நிமிஷம் என்றால் 160-ல் ஐந்து நிமிஷம். இந்தக் கணக்கு கோடவுனுக்கும் பொருந்தும். குளிர்ந்த ஊரில் ஒரு வாரம் தாங்கும் கம்பவுண்ட், கத்தரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்த அளவு தாங்காது. எங்கள் யூனிட்டில் ஒரு மே மாதம், டி.எம்.டி.டி சேர்த்து ஷீட் போட்ட கம்பவுண்டை மறுநாள் பிரஸ்ஸில் வைக்கலாம் என்று அடுக்கி வைத்தோம். சூடு ஆறாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது முதல் தப்பு. மறுநாள் காலை கத்தியால் வெட்டிப் பார்த்தால் நடுவில் இருந்த ஷீட்டுகள் முக்கால் வேக்காடு. திரும்ப மில்லில் போட்டும் இளகவில்லை. எண்பது கிலோ வீண். பிரஸ்ஸில் மிச்சம் பிடித்த நிமிஷங்கள் அத்தனையும் அந்த ஒரு நாளில் போயின.

இன்னொரு தொல்லை, வெளுப்பு. டி.எம்.டி.டி-யிலிருந்து உண்டாகும் துத்தநாகச் சேர்மம் இயற்கை ரப்பரில் நன்றாகக் கரைவதில்லை. அளவு கூடினால் சில நாளில் பொருளின் மேல் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். தரம் குறையாவிட்டாலும், கறுப்பு புஷ் சாம்பல் பூசிய மாதிரி போனால் வாங்குகிறவர் திருப்பி அனுப்புவார்.

இதெல்லாம் சரக்கு சம்பந்தப்பட்டது. ஆள் சம்பந்தப்பட்டது இனிமேல்தான் வருகிறது.

விதை நேர்த்திக்கு விவசாயிகள் வாங்கும் திரம் என்ற பூஞ்சைக்கொல்லி இருக்கிறதே, அதுவும் டி.எம்.டி.டி-யும் ஒரே பொருள். பூச்சிமருந்துக் கடையில் வாங்கும்போது கையுறை போடச் சொல்வார்கள். அதையே ரப்பர் மில்லில் வெறுங்கையால் அள்ளித் தூவுகிறோம். தயூராம் என்ற இந்தக் குடும்பத்தின் இன்னொரு குணம் தெரியவந்த கதை, ரசாயனத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடமிருந்தே தொடங்குகிறது. 1937-ல் அமெரிக்கத் தொழிற்சாலை மருத்துவர் ஒருவர், இதில் வேலை செய்கிறவர்களுக்குச் சாராயம் ஒத்துக்கொள்வதில்லை என்று குறித்தார். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், உடம்பு முடியாமல் போகும். இதன் பங்காளிப் பொருளான டி.இ.டி.டி, 1948-ல் டென்மார்க்கில் டைசல்பிராம் என்ற பெயரில் மருந்தானது. குடியை நிறுத்த இன்றும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் மாத்திரை அதுதான். மில்லில் வேலை பார்த்துவிட்டு மாலையில் கொஞ்சம் குடிக்கும் ஆள், என்னவோ ஆகிறதே என்று பயந்தால், காரணம் காலையில் அவர் தூவிய பொடியாகவும் இருக்கலாம். இதை அவரிடம் சொல்லிவைப்பது நம் கடமை.

அடுத்தது நைட்ரோசமின். பல புற்றுநோய்ப் பொருட்கள் உள்ள ஒரு ரசாயனக் குடும்பம். டி.எம்.டி.டி சூட்டில் உடையும்போது டைமெத்தில் அமின் வெளிவரும். காற்றில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு அது சேர்ந்தால் என்.டி.எம்.ஏ என்ற நைட்ரோசமின் உண்டாகும். 2019-ல் ரானிடிடின் மாத்திரையில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் இருக்கிறது என்று உலகம் முழுக்கப் பேசினார்களே, அது இந்த என்.டி.எம்.ஏ-தான். மாத்திரையில் மிக நுண்ணிய அளவு இருந்ததற்கே சந்தையிலிருந்து எடுத்தார்கள். ரப்பர்த் தொழிற்சாலைக் காற்றில் இது இருப்பது 1980-களிலிருந்தே தெரியும். ஜெர்மனி அப்போதே தொழிற்கூடக் காற்றுக்குக் கடுமையான வரம்பு வைத்தது. குழந்தைகளின் ரப்பர் சூப்பானுக்கு ஐரோப்பியச் சமூகம் 1993-ல் சட்டம் கொண்டுவந்தது. ஒரு கிலோ ரப்பரிலிருந்து நைட்ரோசமின் 0.01 மில்லிகிராமுக்கு மேல் வெளிவரக் கூடாது என்றார்கள். கையுறை ரப்பரால் வரும் தோல் அரிப்பிலும் தயூராம்களின் பங்கு பெரிது.

எல்லா ஆக்சிலரேட்டரும் இப்படியா என்றால், இல்லை. எந்த அமின் வெளிவருகிறது என்பதில்தான் வித்தியாசம். அமினின் நைட்ரஜனில் இரண்டு கரிமக் கிளைகள் இருந்தால் இரண்டாம் நிலை, ஒன்று மட்டும் இருந்தால் முதல்நிலை. இரண்டாம் நிலை அமின் என்றால் நிலைத்து நிற்கும் நைட்ரோசமின் உண்டாகும். முதல்நிலை அமின் அப்படி நிலைத்த நைட்ரோசமினைத் தருவதில்லை. சி.பி.எஸ்-இலிருந்து வரும் சைக்ளோஹெக்சைல் அமின் முதல்நிலை. டி.எம்.டி.டி-யின் டைமெத்தில் அமின் இரண்டாம் நிலை. ஒரு மூட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முக்கியமான ரசாயனக் கேள்வி என்று நான் நினைப்பது இதைத்தான்.

பொறுமையான வழி: சி.பி.எஸ் மட்டும், கந்தகம் தாராளம்

கந்தகம் 2.5, சி.பி.எஸ் 0.6. அவ்வளவுதான்.

சி.பி.எஸ் என்பது எம்.பி.டி-யோடு ஓர் அமினைக் கட்டிவைத்த பொருள். 1930-களில் வந்த யோசனை. கட்டு அவிழும்வரை எம்.பி.டி-யால் முழு வேகத்தில் வேலை செய்ய முடியாது. அவிழ்ந்து வெளிவரும் எம்.பி.டி-யையும், மிச்சமிருக்கும் சி.பி.எஸ் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அதனால் சி.பி.எஸ் தீரும்வரை ரப்பர் பிடிக்க ஆரம்பிக்காது. தீர்ந்த பிறகு, வெளிவந்த அமினும் துணைக்கு வர, வேலை வேகமாக முடியும். நமக்கு வேண்டியது அதேதான்: மோல்டில் பாயும்வரை சும்மா இருக்க வேண்டும், பாய்ந்து முடிந்ததும் உடனே பிடிக்க வேண்டும். இந்த ஒரு கண்டுபிடிப்பு தொழிலுக்குக் கொடுத்த நிம்மதியை, எம்.பி.டி காலத்து ரெசிபியோடு மல்லுக்கட்டிய எவரும் மறக்க மாட்டார்கள்.

சி.பி.எஸ்-க்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொன்று, டி.பி.பி.எஸ். இதிலிருந்து வரும் அமினும் முதல்நிலைதான். மூலக்கூறு கொஞ்சம் சிறியதால், சி.பி.எஸ் போடும் அளவில் பத்து சதவீதம் குறைத்துப் போடலாம். இரண்டில் எது புதிதாகவும் வறண்டும் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். இந்த வகைப் பொருட்களுக்கு ஈரமும் சூடும் ஆகாது. மழைக்காலத்தில் வாய் திறந்து கிடந்த மூட்டையில் கட்டு தானாகவே அவிழ்ந்துபோயிருக்கும். அப்புறம் கம்பவுண்ட் சீக்கிரம் பிடிக்கிறது என்று ரப்பரைக் குறை சொல்வோம். மூட்டையில் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குவதும், உள் பையை இறுகக் கட்டுவதும் செலவில்லாத வேலை.

இந்த வழியின் குறை கந்தகத்தில் இருக்கிறது. கந்தகம் அதிகம், ஆக்சிலரேட்டர் குறைவு என்றால், ரப்பர் இழைகளைக் கட்டும் கந்தகப் பாலங்களில் பெரும்பாலானவை நீளமாக இருக்கும். நீளப் பாலம் வளைந்து கொடுக்கும், கிழிசலைத் தாங்கும், திரும்பத் திரும்ப மடங்கினாலும் விரிசல் சீக்கிரம் விடாது. ஆனால் சூட்டில் அறுந்துபோகும். தடிமனான புஷ்ஷின் நடுப்பகுதி வேகும் நேரத்தில், மோல்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல்பகுதி அதிகம் வெந்து பலம் இழக்கத் தொடங்கும். ஓட்டத்திலும் அதேதான். அடி வாங்கி உள்ளுக்குள் சூடாகும் புஷ், மெல்ல மெல்ல அமுங்கிய வடிவத்திலேயே நின்றுவிடும். இடைவெளி விழும். பம்ப் ஆன் செய்தவுடன் கப்ளிங் 'டக் டக்' என்று தட்டும் சத்தம் கேட்டால், பெரும்பாலும் அங்கே அமுங்கிப்போன புஷ் இருக்கும்.

ஆகவே அமுக்கம் குறைவு, வளைவு அதிகம் என்ற இடங்களுக்கு, உதாரணமாக அதிர்வு தாங்கும் மவுன்டிங்குகளுக்கு, இது நல்ல வழி. புஷ்ஷுக்கு முழுப் பொருத்தம் இல்லை.

நடுவழி: சி.பி.எஸ் + பென்சைல் தயூராம், கந்தகம் குறைவு

டி.எம்.டி.டி-யில் மெத்தில் இருக்கும் இடத்தில் பென்சைல் வைத்தால் டெட்ராபென்சைல் தயூராம் டைசல்பைடு. கடையில் டி.பி.இசட்.டி.டி என்று கேட்க வேண்டும். இதிலிருந்து வருவதும் இரண்டாம் நிலை அமின்தான். ஆனால் அது டைபென்சைல் அமின். மிகக் கனமானது, சுலபமாக ஆவியாகாது. நைட்ரோசமினாக மாறினாலும் அந்த நைட்ரோசமின் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் இல்லை. நைட்ரோசமின் பிரச்சினை தெரிந்தபிறகு, தயூராமின் வேகத்தை முழுக்க விட மனசில்லாமல் தேடிக் கண்டுபிடித்த மாற்று இது.

நான் தொடங்கச் சொல்லும் அளவு: கந்தகம் 1.5, சி.பி.எஸ் 1.2, பென்சைல் தயூராம் 0.3. கந்தகத்தைக் குறைத்து ஆக்சிலரேட்டரைக் கூட்டியதால், நீளப் பாலமும் குட்டைப் பாலமும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி அமையும். குட்டைப் பாலம் சூட்டைத் தாங்கும், அமுங்கினாலும் திரும்பி எழும். மீதி நீளப் பாலம் கிழிசலைப் பார்த்துக்கொள்ளும். தடித்த பொருளை கொஞ்சம் கூடுதல் நேரம் பிரஸ்ஸில் வைத்தாலும் மேல்பகுதி கெடாது. புஷ் கேட்கும் குணம் இதுதான்.

இன்னும் ஒரு படி மேலே போய்க் கந்தகத்தை 0.5-க்கு இறக்கி ஆக்சிலரேட்டரை 3, 4 என்று ஏற்றலாம். சூடு தாங்குவதில் அது இன்னும் மேல். ஆனால் கிழிசலும், மடங்கி மடங்கி விழும் விரிசலும் சீக்கிரம் வரும், ரசாயனச் செலவும் ஏறும். தொடர்ந்து கொதிசூட்டில் இருக்கும் பொருளுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம். சாதாரணத் தண்ணீர் பம்ப் கப்ளிங்குக்குத் தேவையில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பென்சைல் தயூராம் மூலக்கூறு டி.எம்.டி.டி-யைவிட இரண்டேகால் மடங்கு எடை. அதனால் கிராமுக்குக் கிராம் போட்டால் அதே வேகம் வராது. அளவைக் கூட்ட வேண்டும். கிலோ விலையும் அதிகம். எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது, சொல்லி வைத்து வாங்க வேண்டும். பிரஸ் நேரம் டி.எம்.டி.டி ரெசிபியைவிடக் கொஞ்சம் கூடுதல்தான்.

விலை என்றதும் பின்வாங்குகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன ரெசிபியின் மொத்த எடை சுமார் 162 கிலோ. அதில் இரண்டு ஆக்சிலரேட்டரும் சேர்ந்தே ஒன்றரைக் கிலோ. ஒரு சதவீதம்கூட இல்லை. அதில் பென்சைல் தயூராம் முந்நூறு கிராம். அந்த முந்நூறு கிராமின் விலை வித்தியாசத்தை 162 கிலோவில் பங்கு போட்டால் ஒரு புஷ்ஷுக்கு என்ன விழும் என்று உங்கள் கடைக்காரர் சொல்லும் விலையை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். ரப்பர் ஷீட்டின் விலை ஒரு வாரத்தில் ஏறி இறங்குவதே இதைவிடப் பெரிதாக இருக்கும்.

என் தேர்வு

கப்ளிங் புஷ்ஷுக்கு நான் நான்காவது வழியைத்தான் எடுப்பேன். மவுன்டிங் மாதிரி வளைந்து வேலை செய்யும் பொருளுக்கு மூன்றாவது. முதல் இரண்டையும் புதிதாகத் தொடங்குகிறவர் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வாங்குகிறவர் ஏற்கெனவே டி.எம்.டி.டி ரெசிபியைச் சோதித்து ஒப்புக்கொண்டிருந்தால், உடனே மாற்ற முடியாது; புது சாம்பிள் கொடுத்து, அவர்கள் சோதித்து, பிறகு மாற்றலாம். அதற்கு எடுக்கும் மாதங்களை இப்போதே தொடங்குவது நல்லது. சமையல் பாத்திர கேஸ்கட், குடிநீர்க் குழாய் வாஷர், குழந்தைப் பொருட்கள் என்றால் இந்த ஒப்பீடே பொருந்தாது. அங்கே எந்த ரசாயனம் அனுமதி என்று தனிப் பட்டியல் இருக்கிறது. அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான்காவது வழியும் முழுச் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. சி.பி.எஸ் உடைந்தால் எம்.பி.டி வரும். எம்.பி.டி-யை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ளது என்று வைத்தது. ரப்பர்த் தொழிலில் வேலை செய்வதையே அந்த முகமை முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில், வைத்திருக்கிறது. ஆகவே எந்த ஆக்சிலரேட்டர் போட்டாலும் பிரஸ்ஸுக்கு மேலே புகைக்கூண்டும் எக்ஸாஸ்ட் விசிறியும் வேண்டும். மில்லுக்குப் பக்கத்தில் டீசல் வண்டியை ஓடவிட்டு நிறுத்தக் கூடாது. நைட்ரஜன் ஆக்சைடு அந்தப் புகையிலும் வருகிறது.

பொடியாக வாங்குவதா, குருணையாக வாங்குவதா என்பதும் இதோடு சேர்ந்த முடிவு. நயமான பொடி நன்றாகக் கலக்கும், ஆனால் பறக்கும். எண்ணெய் தடவிய பொடி குறைவாகப் பறக்கும். ரப்பரிலேயே பிணைத்த குருணை பறக்கவே பறக்காது, எடை போடுவதும் சுலபம். குருணையில் 80 சதவீதம்தான் மருந்து என்றால் ஒரு கிலோவுக்குப் பதில் 1.25 கிலோ போட வேண்டும். இதை மறந்து அளவு குறைந்த கம்பவுண்டை நான் பார்த்திருக்கிறேன். வசதி இருந்தால் தயூராமையாவது குருணையாக வாங்குங்கள்.

வெயில் காலத்துக்கு ஒரு துணை உண்டு: கம்பவுண்ட் முன்கூட்டியே வேகாமல் தடுக்கும் பி.வி.ஐ. 1970 வாக்கில் அமெரிக்காவில் மான்சான்டோ கொண்டுவந்தது. அதற்கு முன் ஸ்கார்ச் ஆகாமல், அதாவது நேரத்துக்கு முன்பே வெந்துபோகாமல், இருக்க சாலிசிலிக் ஆசிட், பென்சாயிக் ஆசிட் எல்லாம் போட்டார்கள். அவை தொடக்கத்தைத் தள்ளிப்போடும், கூடவே வேகும் வேகத்தையும் கெடுக்கும். பி.வி.ஐ, உருவாகும் எம்.பி.டி-யை மட்டும் பிடித்துவைத்துத் தொடக்கத்தைத் தள்ளும், அதன் பிறகு குறுக்கே நிற்காது. நூறு கிலோவுக்கு 100 முதல் 200 கிராம் போதும். சி.பி.எஸ், டி.பி.பி.எஸ் உள்ள ரெசிபியில்தான் இது நன்றாக வேலை செய்யும். டி.எம்.டி.டி-யை மட்டும் நம்பிய ரெசிபியை இதனால் பெரிதாகக் காப்பாற்ற முடியாது. பங்குனி கடைசியிலிருந்து ஆடி வரை நான் இதைச் சேர்க்கிறேன். மற்ற மாதங்களில் தேவையில்லை.

ரப்பர் சீக்கிரம் பழுதாகாமல் காக்கும் ஆன்டி ஆக்சிடன்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சூட்டுக்கு டி.எம்.கியூ. வெளிக்காற்றில் இழுபட்டு நிற்கும் பொருளில் ஓசோன் வெடிப்பைத் தடுக்க 6பி.பி.டி. கப்ளிங்குக்குள் ஒளிந்திருக்கும் புஷ்ஷுக்கு டி.எம்.கியூ 2 பங்கு போதும். 6பி.பி.டி-யைத் தேவையில்லாத இடத்தில் போடாதீர்கள் என்று இப்போது அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. டயர் தேய்ந்து வரும் தூளில் இருக்கும் 6பி.பி.டி, ஓசோனோடு சேர்ந்து குயினோன் என்ற வகை ரசாயனமாக மாறுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் மழை பெய்தவுடன் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்ததற்குக் காரணம் அதுதான் என்று 2020-ல் கண்டுபிடித்தார்கள். டயருக்கு இன்னும் சரியான மாற்று கிடைக்கவில்லை. நம் புஷ்ஷுக்கு மாற்றே தேவையில்லை, விட்டுவிடலாம்.

முன்னோர் ரெசிபி நோட்டில் பி.பி.என் என்ற பழைய ஆன்டி ஆக்சிடன்ட் எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள். அதில் கலந்திருந்த பீட்டா நாப்தைலமினால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருகிறது என்று தெரிந்து, அதே பிரச்சினை உள்ள ஆன்டி ஆக்சிடன்டை பிரிட்டனில் 1949-லேயே சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மாற்றும்போது

நேராக நூறு கிலோவில் இறங்க வேண்டாம். கார்பன் பிளாக்கும் எண்ணெயும் கலந்த கம்பவுண்டை ஒன்றாக எடுத்து மூன்று பங்காகப் பிரியுங்கள். ஒன்றில் இப்போதைய ரெசிபி, ஒன்றில் சி.பி.எஸ் மட்டும், ஒன்றில் நடுவழி. மில் நன்றாகக் குளிர்ந்த பிறகு கந்தகத்தையும் ஆக்சிலரேட்டரையும் கடைசியில் சேருங்கள். மூன்றையும் ரியோமீட்டரில், அதாவது ரப்பர் வேக வேக இறுகுவதைக் கோடாக வரைந்து காட்டும் கருவியில், பாருங்கள். சொந்தமாக இல்லை என்றால் கூலிக்குச் சோதித்துத் தருகிற லேப் இருக்கிறது. கோடு எங்கே ஏறத் தொடங்குகிறது, தொண்ணூறு சதவீதம் எப்போது தொடுகிறது, உச்சம் தொட்டபின் கீழே இறங்குகிறதா என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் பார்ப்பதில்லை. தடித்த பொருளின் ஆயுள் அந்த இறக்கத்தில்தான் தெரியும். கூடவே மூன்றிலும் புஷ் போட்டு, நசுக்கிய நிலையில் 70 டிகிரி அடுப்பில் ஒரு நாள் வைத்து எடுத்து, எது எவ்வளவு திரும்பி எழுகிறது என்று அளந்து பாருங்கள். கன்னியாகுமரி ஷீட் ஒரு லாட் மாதிரி இன்னொரு லாட் வேகாது. ரப்பரில் இயற்கையாகவே இருக்கும் புரதமும் வேகத்தை மாற்றும். அதனால் லாட் மாறும்போதெல்லாம் ஒருமுறை கோட்டைப் பார்த்துவிடுவது வழக்கமாகட்டும்.

மாற்றி முடித்தபிறகு கோடவுனில் பாதி மூட்டை டி.எம்.டி.டி மிஞ்சும். திரம் என்று பெயர் தெரிந்ததால் தோட்டத்துக்கு விதை நேர்த்திக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். ரப்பருக்கென்று செய்த சரக்கு விதைக்கென்று செய்தது இல்லை, அளவும் தெரியாது. சாக்கடையிலும் கொட்டக் கூடாது. மீனுக்கு அது கொடிய விஷம். மூட்டையை இறுகக் கட்டி, பெயர் எழுதி, விற்ற கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியோடு அபாயக் கழிவு எடுக்கிறவர்களிடம் ஒப்படைத்து ரசீது வாங்கி வையுங்கள்.